2008 ஸ்விஃப்ட், நாற்பதாயிரம் ரூபாய்: ஸ்பிரிங்கா, ஷாக்கா, டயரா?

என் தங்கை மகன் போன மாதம் ஒரு ஸ்விஃப்ட் வாங்கினான். 2008 மாடல், பெட்ரோல் வி.எக்ஸ்.ஐ., மூன்று கை மாறியது. எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். வாங்கிய வாரமே சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கிவிட்டு, அன்று ராத்திரியே போன்.

"மாமா, வளைவுல வண்டி படுக்குது. ஸ்பிரிங் புக் பண்ணிடட்டா? நாற்பது மில்லி இறங்கும், அப்படியே ரோட்டோட ஒட்டிக்கும்னு சொல்றாங்க."

"எவ்வளவு வச்சிருக்க?"

"நாற்பதாயிரம்."

புக் பண்ணாதே, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றேன். அந்த ஞாயிறும் அடுத்த இரண்டு வாரமும் நாங்கள் அலசியதையும் செய்ததையும்தான் எழுதுகிறேன். முதல் தலைமுறை ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு இது நேராகவே பொருந்தும். ரிட்ஸ், ஐ10, ஃபிகோ, புன்ட்டோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்பது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரத்தையும் இணைத்து முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்) என்ற ஏற்பாடு இவற்றுக்கெல்லாம் பொது.

முதலில் ஒன்று. அந்த ஸ்விஃப்ட் இயல்பிலேயே படுக்கிற வண்டி இல்லை. 2005 மே மாதம் அது வந்தபோது, நம் ஊர்ச் சின்ன வண்டிகளில் ஓட்டுவதற்கென்றே ஆசைப்பட்டு வாங்கலாம் என்று தோன்றிய வண்டி அது. வீல்பேஸ் 2,390 மி.மீ., எடை ஒரு டன்னை ஒட்டி, சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளி வைத்த உடம்பு. அப்படிப்பட்ட வண்டி வளைவில் படுத்தால், எதைப் போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எது போய்விட்டது என்று பார்க்க வேண்டும். பையனுக்கு இது கசந்தது. புதுசாக ஒன்று மாட்டுவதில் இருக்கிற சந்தோஷம் பழசைச் சரிசெய்வதில் இல்லையே.

ஆக எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை: தேய்ந்ததை மாற்றிக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவருவது, டயர், இறக்கும் ஸ்பிரிங், இறுக்கமான ஷாக், முழு காயில்ஓவர் செட் (உயரத்தைத் திருகி மாற்றும்படி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வருவது). இவை தவிர ஸ்ட்ரட் பார் (இரு ஸ்ட்ரட்டின் தலைகளை இணைக்கும் கம்பி), பாலியூரித்தேன் புஷ் (மூட்டுகளில் ரப்பர் மெத்தைக்குப் பதிலாகப் போடும் கெட்டியான மெத்தை), ஸ்பிரிங்குக்குள் செருகும் ரப்பர் என்று சில்லறைச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்க ஆள் உண்டு. எதற்கு யார் வாங்குகிறார் என்றும் பார்க்க வேண்டும். விற்கிறவர்தான் பெரும்பாலும் சத்தமாகப் பேசுவார்.

ஞாயிறு காலை வண்டியை எங்கள் மெக்கானிக் அண்ணனின் பட்டறையில் தூக்கினோம். முன் ஸ்ட்ரட் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் மண் ஒட்டி, பிட்டு வைத்த மாதிரி இருந்தது. ஸ்ட்ரட் முழுசாக அமுங்கும்போது கடைசி அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் உதிர்ந்து தூளாகியிருந்தது. சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில் கம்பியை விட்டு நெம்பினால் ரப்பர் வாய் பிளந்தது. வண்டியின் சாய்வைக் குறைக்கும் குறுக்குக் கம்பியான ஆன்டி ரோல் பாரின் லிங்க் ராடு இரண்டும் கையாலேயே ஆடின. டயரைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக அலை. ஷாக் செத்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் டயர் இப்படித்தான் தேயும். சக்கரம் ரோட்டில் உருளாமல் குதித்துக் குதித்துப் போகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கழற்றிய பிறகு ஸ்ட்ரட்டை மேசைமேல் நிறுத்தி, ராடைக் கையால் அழுத்தச் சொன்னேன். ஒரு கையால் அழுத்தினான். உள்ளே போனது, அங்கேயே நின்றுவிட்டது. வாயு நிரப்பிய நல்ல ஸ்ட்ரட் என்றால் அழுத்தும்போது கை எதிர்ப்பை உணரும், விட்டதும் ராடு மெல்ல மேலே வரும். இதில் இரண்டும் இல்லை. "இதோட போய் ஸ்பிரிங் மட்டும் மாத்தியிருந்தா?" என்று அவனே கேட்டான். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாகச் சாய வேண்டும், சாய்ந்தது எப்போது அடங்க வேண்டும் என்பதை ஷாக் தீர்மானிக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி முதலில் ஒரு பக்கம் சரிந்து, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து, அப்புறம்தான் நிலைக்கிறது என்றால் அது ஷாக்கின் கோளாறு. நமக்கு வயிற்றைக் கலக்குவது சாய்வின் அளவில்லை, அந்தத் தொட்டிலாட்டம்தான். பையன் "படுக்குது" என்று சொன்னது இதைத்தான். ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினால் செத்த ஷாக் அடக்க வேண்டிய விசை இன்னும் கூடுமே தவிர ஆட்டம் நிற்காது.

பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பரீட்சையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முழுசாகச் செத்த ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும், பாதி செத்ததைக் காட்டாது. அதைவிட நல்லது பைபாஸில் பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போது கவனிப்பது. ஒரே அசைவில் வண்டி அமர வேண்டும். இரண்டாவது முறை மூக்கைத் தூக்கினால் ஷாக்கின் காலம் முடிந்தது. அதேபோல, சின்னக் குழியில் கடகடவென்றால் பெரும்பாலும் லிங்க் ராடு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது "டங்" என்று உதைத்தால், அல்லது வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாவிட்டால், ஸ்ட்ரட்டின் தலையைத் தாங்கும் மவுண்டின் பேரிங். பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகப்படலாம்.

எனவே முதல் வழியைப் பற்றி விவாதமே இல்லை. முன் ஸ்ட்ரட் இரண்டு, பின் ஷாக் இரண்டு, மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை, லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராடு, ஆன்டி ரோல் பார் புஷ். எல்லாம் கம்பெனித் தரத்துச் சாமான்தான். கூலியும் வீல் அலைன்மென்ட்டும் சேர்த்து இருபத்திரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது. ஊருக்கு ஊர் கூலி மாறும். ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும். கசிகிற ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம். டீசல் ஸ்விஃப்ட்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டீசல் என்ஜின் கனமானது, முன் ஸ்பிரிங் அந்த எடைக்கேற்றது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பெட்ரோல் வண்டியின் ஸ்பிரிங்கை மாட்டிவிடப் போகிறார்கள்.

இந்த வேலையில் நான் பக்கத்திலேயே நின்று பார்த்த இடம் ஒன்று உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் என் ஸ்விஃப்ட்டுக்கு வேறொரு பட்டறையில் லோயர் ஆர்ம் மாற்றினேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புஷ் கிழிந்துவிட்டது. சாமான் போலி என்று சண்டை போடப் போனேன். சாமான் அசல்தான், மாட்டிய விதம் தப்பு. வண்டி தூக்கியிருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையைத் தன் இயல்பாக எடுத்துக்கொள்ளும். வண்டியை இறக்கிய நொடியிலிருந்து அது முறுக்கிக்கொண்டே வாழ வேண்டியதுதான். போல்ட்டைக் கைமுறுக்காக விட்டுவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, சொந்த எடையில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாத பட்டறைகள் ஏராளம். எங்கள் அண்ணன் கேட்காமலே செய்தார்.

மீதி பதினெட்டாயிரம் சொச்சம். அதை டயரில் போட்டோம், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது உள்ளங்கையகல ரப்பர்கள் நான்கு மட்டுமே. பையனின் டயரில் கட்டை, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு, இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. "நல்லா இருக்கே மாமா" என்றான். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னேன்: 3114. 2014ஆம் வருஷத்தின் 31ஆவது வாரத்தில் செய்த டயர். பத்து வருஷத்துக்கு மேல் வெயிலில் கிடந்த ரப்பர் கல்லாகிவிடும். கட்டை இருப்பதும் பிடிப்பு இருப்பதும் வேறு வேறு. மழையில் ஏற்காட்டு இறக்கத்தில் அந்த டயர் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

அளவு எது? அந்தக் கால எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ. இரண்டும் 165/80 ஆர்14 டயரோடு வந்தன, ஸெட்.எக்ஸ்.ஐ. 185/70 ஆர்14. முதல் எண் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் முதலாவதன் மொத்த விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 614.6. ஐந்து மி.மீ. வித்தியாசம் ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. அதே ரிம், அதே உயரம், 20 மி.மீ. கூடுதல் அகலம். கம்பெனியே அதே வண்டிக்குக் கொடுத்த அளவு என்பதால் ஆர்.டி.ஓ.விடமோ இன்ஷூரன்ஸிலோ பேச்சு வராது. என்னைக் கேட்டால், 165 டயரில் ஓடும் ஸ்விஃப்ட்டுக்கு இதைவிட மலிவான முன்னேற்றம் கிடையாது.

15 அங்குல அலாய்க்குப் போகிறவர்கள் 185/65 ஆர்15 எடுக்கலாம், விட்டம் 621.5, பக்கச் சுவர் 132 மி.மீ.யிலிருந்து 120 ஆகக் குறையும், ஸ்டியரிங் இன்னும் சுருக்காகப் பேசும். அழகுக்காக 195/55 ஆர்15 போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது 595.5 மி.மீ. நான்கு சதவீதம் சின்ன சக்கரம், கிளியரன்ஸில், அதாவது தரையிடைவெளியில், 12 மி.மீ. போய்விட்டது, மீட்டர் எப்போதும் கூட்டிச் சொல்லும். போதாக்குறைக்கு மலிவு அலாய் பல சமயம் கம்பெனி இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கிறது. ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் கீழே தொங்குகிற எடை கூடினால் மேலே என்ன மாட்டியும் அது கரடுமுரடாகத்தான் போகும். கடையில் ரிம்மைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

நாற்பதாயிரம் அங்கேயே தீர்ந்தது. ஆனால் பையனின் கேள்வி தீரவில்லை, நியாயமும்கூட. இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால் அடுத்தது எது?

ஸ்பிரிங்கையே முதலில் எடுக்கிறேன், அதற்குத்தான் கவர்ச்சி அதிகம். இறக்கும் ஸ்பிரிங்கில் இரண்டு நன்மை உண்டு: கனமையம் தாழ்கிறது, ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால் சாய்வு குறைகிறது. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன்காரர்கள் கணக்கோடு செய்கிறார்கள். வழவழப்பான ரோட்டில் அது வேலை செய்யும். நம் கதை வேறு. இந்த ஸ்விஃப்ட்டின் தரையிடைவெளி 170 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை நீங்கள் எந்தத் தெருவில் பார்த்தீர்கள்? எங்கள் தெருவில் இருப்பது முழங்கால் நீளத்தில் ஒரு சின்ன மதில். என் வண்டியில் நான்கு பேரும் பெட்டியும் ஏறியபோது டேப் வைத்து அளந்தேன், பின்பக்கம் 40 மி.மீ. இறங்கியது. அதில் ஸ்பிரிங் வேறு 40 இறக்கினால் மிச்சம் என்ன என்பதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

அடிபடுவதுகூடப் பெரிய விஷயமில்லை. இரண்டு சங்கதி வெளியே தெரியாமல் கெடுகின்றன. ஒன்று, 40 மி.மீ. இறக்கினால் ஸ்ட்ரட் மேலே போக வைத்திருந்த இடத்தில் அந்த 40 மி.மீ. போய்விட்டது. வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் ஸ்ட்ரட் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் என்று ஒன்றே இல்லாத மாதிரி, இரும்புபோல் ஆகிவிடும், பிடிப்பு விட்டுப்போகும். நேர் ரோட்டில் இது வெறும் உதை. ஏற்காட்டில் பதினாறாவது கொண்டை ஊசியில் நடந்தால் வேறு கதை.

இரண்டாவது மெக்ஃபர்சன் அமைப்புக்கே உரிய சிக்கல். லோயர் ஆர்ம் ஏறக்குறையத் தரைக்கு இணையாகவோ, வெளிமுனை சற்றுக் கீழே சரிந்தோ இருக்கும்படிதான் கம்பெனி வைக்கிறது. வண்டியை இறக்கினால் வெளிமுனை மேலே ஏறிவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கனமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால், சாய வைக்கும் நெம்புகோல் நீண்டுவிட்டது. இறக்கியதால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. இறுக்கமான ஸ்பிரிங் மட்டுமே மிச்ச வேலையைப் பார்க்கிறது. வெளிச்சக்கரம் வளைவில் தரையோடு பொருந்துகிற கோணமும் கெடும். 15, 20 மி.மீ. இறக்கத்தில் இது பெரிதாகத் தெரியாது. 40 என்றால் தெரியும்.

பையன் நடுவில் ஒரு வாதம் வைத்தான். "ஸ்விஃப்ட் உலக ரேலியில எல்லாம் ஓடியிருக்கே மாமா." ஓடியது, உண்மை. 2007இல் ஜூனியர் உலக ரேலிப் பட்டத்தை ஸ்வீடன்காரர் பி.ஜி. ஆண்டர்சன் சுசூகி ஸ்விஃப்ட்டில்தான் ஜெயித்தார். ஆனால் மண் ரோட்டு ரேலிக்குத் தயார் செய்யும் எந்த வண்டியையும் பாருங்கள், உயர்த்தி வைத்திருப்பார்கள். அவர்கள் காசைக் கொட்டுவது நீளமாக ஏறி இறங்கும் நல்ல ஷாக்கில். நம் பஞ்சாயத்து ரோடு எந்தப் போட்டிக்கு நெருக்கம் என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றியும் இரண்டு வரி. எனக்கு வெட்கமான சங்கதி. இருபத்தைந்து வயதில் என் பழைய ஸென்னில் நானே செய்தேன். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், கணக்கு சரிதான். ஆனால் வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் சரியாக அமராது. வண்டியைத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். ஒரு நாள் பெரிய குழியில் இறங்கி ஏறியபோது பின் ஸ்பிரிங் இடம்விட்டு நகர்ந்து, சக்கரத்துக்கு மேல் இரும்பு உரசிக்கொண்டே ஓமலூரிலிருந்து வீடு வந்தேன். காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

ஸ்பிரிங்குக்குள் செருகும் ரப்பர் பஃபரும் ஏறக்குறைய அந்த ரகம்தான். முழு லோடில் பின்பக்கம் தொங்குகிறவர்களுக்கு ஓரளவு உதவும். மற்றபடி அது ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் அடைக்கிறது, அவ்வளவே. கிளியரன்ஸ் கூடியது போலத் தெரியும். வளைவில் பின்பக்கம் துள்ளும்.

ஷாக்குக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்கு. கம்பெனி ஸ்பிரிங்கையும் கம்பெனி உயரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, கொஞ்சம் இறுக்கமான ஷாக் போடுவது. கிளியரன்ஸ் போகாது, ஆர்மின் கோணம் கெடாது, ஸ்ட்ரட் ஏறி இறங்கும் தூரம் முழுசாக இருக்கும். குறைவது அந்தத் தொட்டிலாட்டம் மட்டும். வளைவின் முடிவில் வண்டி அதே அளவுக்குத்தான் சாயும், ஆனால் ஒரே மூச்சில் சாய்ந்து நிற்கும். ஓட்டுகிறவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். மலை ரோட்டில் நம்பிக்கை என்பதே அதுதான். பில்ஸ்டீனில் பி6 என்ற வரிசை இதற்கென்றே இருக்கிறது, கம்பெனி உயரத்துக்கானது. பி8 இறக்கிய வண்டிக்குக் குட்டையாகச் செய்தது. கோனியின் மஞ்சள் ஷாக்கில், அமுங்கியது திரும்ப நீளும்போது வரும் எதிர்ப்பைத் திருகிக் கூட்டிக்கொள்ளலாம். ஜப்பான் கே.ஒய்.பி.யில் கம்பெனி ரகத்துக்கு எக்செல் ஜி, அதற்கு மேல் இறுக்கமான வரிசை ஒன்று. பழைய ஸ்விஃப்ட்டுக்கு எது எப்போது கிடைக்கும் என்பது இறக்குமதியாளர் கையில் இருக்கிறது, விலையும் அப்படியே. வாங்குமுன் சேஸிஸ் குறியீட்டைச் சொல்லிப் பொருத்தம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பான் ஸ்விஃப்ட்டுக்கு வந்தது இந்திய ஸ்விஃப்ட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. மெதுவாகப் போகும்போது ஒட்டுப்போட்ட ரோடு முதுகுக்குத் தெரியும். பின்னால் அம்மாவை உட்கார வைத்து ஐந்து ரோடு சிக்னலைத் தாண்டும்போது ஒரு முணுமுணுப்பு வரலாம்.

காயில்ஓவர் சுருக்கமாக. பி.சி. ரேஸிங், டெயின் எல்லாம் நல்ல சாமான்தான். உயரத்தையும் இறுக்கத்தையும் தனித்தனியாகத் திருகலாம், செட் முழுசாக ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தது. வரியும் கூலியும் சேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடும். வண்டியே அந்த விலைக்குத்தான் போகும். பழைய ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் ஓரிடம் என்பதால் அங்கே அது பேருக்குத்தான் காயில்ஓவர். அப்புறம் நம் சேற்றிலும் தூசியிலும் அந்த மரைகள் இரண்டு மழைக்காலம் தாண்டினால் திருக மறுக்கும். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையம் கரி டிராக்கிலோ மாதம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு நியாயம் உண்டு. பட்டறைக்கும் வேலைக்கும் போய் வருகிறவருக்கு இல்லை.

ஆன்டி ரோல் பார் கொஞ்சம் சுவாரஸ்யமானது. கம்பி வகையறாவின் இறுக்கம் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும், 22 மி.மீ. பாரை 24 ஆக்கினால் இறுக்கம் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு மி.மீ. இவ்வளவு வேலை செய்யும். முன்சக்கர இழுவை வண்டியில் முன்பக்கப் பாரைத் தடிமனாக்கினால் மூக்கு இன்னும் வெளியே ஓடப் பார்க்கும். கூட்டுவதாக இருந்தால் பின்பக்கம் கூட்ட வேண்டும். இந்த வண்டியின் டார்ஷன் பீமே முறுக்கிக்கொடுத்து ஒரு பாரின் வேலையைச் செய்கிறது, அதோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். உள்ளூரில் வெல்டிங் வைத்துச் செய்து தருகிறேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். பீமில் வெல்டிங் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். போல்ட் போட்டு மாட்டும் பார் கிடைத்தால் யோசிக்கலாம், அதுவும் ஈர ரோட்டில் வால் எப்படி வருகிறது என்று காலி மைதானத்தில் பழகிய பிறகு.

ஸ்ட்ரட் பார் பானெட்டைத் திறந்தால் அழகாக இருக்கும். இந்த எடையில், இந்த வேகத்தில் வேறு வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை. பாலியூரித்தேன் புஷ் நீடிக்கும், ஸ்டியரிங் துல்லியமாகும், சத்தமும் கூடவே வரும், அவ்வப்போது கிரீஸ் கேட்கும். நல்ல ரப்பர் புஷ் புதுசாக இருந்தால் நான் அதோடு விட்டுவிடுவேன்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகவே சொன்னது. கம்பெனி உயரத்தில் ஷாக் மாற்றியவரை யாரும் நிறுத்தப் போவதில்லை. சக்கரம் ஃபெண்டருக்குள் புதைந்த வண்டி வேறு. அடுத்த எஃப்.சி.யில் பேச்சு வரும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரருக்கு ஒரு சாக்கு கிடைக்கும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. திரும்பத் திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வேலை முடிந்த அடுத்த சனிக்கிழமை இருவரும் ஏற்காடு ஏறினோம். காற்று முன் 32, பின் 30. இருபது கொண்டை ஊசிகளும் ஏறி இறங்கியாயிற்று. இறங்கும்போது தூறல். அவன்தான் ஓட்டினான். ஏறும்போது பேசிக்கொண்டே வந்தவன் இறங்கும்போது பேசவில்லை. அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினோம்.

"பிரேக் அடிச்சா மூக்கு குத்துறது நின்னுடுச்சு மாமா. ஸ்டியரிங்கைத் திருப்புனா உடனே வருது."

"இன்னும் படுக்குதா?"

"சாயுது. ஆனா பயமா இல்ல."

ஸ்பிரிங் ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது டீக்கு நடுவில் போனை எடுத்து ஏதோ ஒரு வெள்ளை ஸ்விஃப்ட்டின் படத்தைக் காட்டினான், தரையைத் தொடுகிற மாதிரி நின்றது. அழகாகத்தான் இருந்தது. 20 மி.மீ.க்கு மேல் இறங்காத ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக்கோடு சேர்த்து, இரண்டையும் ஒரே நாளில் மாட்டுவதாக இருந்தால் பேசலாம் என்றேன். தனி ஸ்பிரிங் என்றால் என் வீட்டுத் தெரு வேகத்தடையைத் தாண்டி உள்ளே வர முடியாது, வெளியே நிறுத்திவிட்டு நடந்து வா என்றேன். புது புஷ் எல்லாம் அமர்ந்த பிறகு, ஆயிரம் கிலோமீட்டரில், அலைன்மென்ட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அது முடிந்ததும் கொல்லிமலை போகிறானாம். அங்கே எழுபது வளைவு.